பேட்டரி சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன்

புரட்டாசி 4, சனி

இந்த டைரி லாரி ஆபீஸில் கொடுத்தது. தை மாதத்திலிருந்து இதில் நான் எழுதியது கோழி அடைக்கு உட்கார்ந்த தேதி மட்டும்தான். நாலாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். அதற்கு மேல் எழுதுகிற சோலி எதுவும் வரவில்லை. இன்றைக்கு வந்துவிட்டது.

ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் மகள் கவின்மலர் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறாள். உள்ளே ஒரு குட்டி வண்டி, அக்கக்காகப் பிரித்த நிலையில். மாட்டி முடித்தால் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் நீளம் வருமாம். ரிமோட்டில் ஓட்ட வேண்டும். வேகமாக ஓடாது. பாறையில் மெதுவாக ஏறும், அது ஒன்றுதான் அதற்குத் தெரியும். எங்கள் வீட்டுக்காரரும் அப்படித்தான். ஒரே வேலை, அதுவும் மெதுவாக.

"அப்பாவுக்கு ஞாபகம் இருக்காதும்மா. என்ன மாத்துனாரு, மாத்துனதுக்கு அப்புறம் வண்டி என்ன பண்ணுச்சுன்னு நீ தேதி போட்டு எழுதி வை" என்றாள் ஃபோனில்.

வண்டி எதற்கு என்பதையும் எழுதி வைக்கிறேன். கார்த்திகை தீபத்தன்று எங்கள் ஊர் விளக்குக் கரடு என்கிற பாறைக் குன்றின் உச்சிக்கு விளக்குக் கொண்டுபோவது எங்கள் வீட்டு முறை. அடிப்பாறை வரைக்கும் ஊரே வரும். அதற்கு மேல் இரண்டு பனை உயரத்துக்கு வழுக்குப் பாறை. கீழே ஏற்றின விளக்கு அணையாமல் உச்சிக்குப் போக வேண்டும், செருப்பில்லாமல் போக வேண்டும். அன்றைக்குப் பெண்கள் வழுக்குப் பாறையில் கால் வைக்கக் கூடாது. ஒரு வருசம் விட்டால்கூட முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அடுத்த வீடு என்றால் பங்காளித் தம்பி அத்தியப்பன் வீடு.

இவருக்குப் போன வருசமே முழங்கால் போய்விட்டது. லாரிக்கு அடியில் அடுக்கடுக்காக இருக்குமே ஸ்பிரிங் பட்டை, அதை முப்பது வருசம் குத்தவைத்துக் கழற்றி மாட்டிய கால். போன கார்த்திகையில் விளக்கை வைத்துவிட்டு உட்கார்ந்த வாக்கிலேயே வழுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். இனி மாடிப்படிகூட ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கல்யாணமான வருசம், மேலே போக விடவில்லை என்று நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். "உச்சியில ஒரு சுனை இருக்குது துளசி. அதுல மூக்குத்தி போட்ட மீனு ஒண்ணு இருக்குது. வெளக்கு வெக்கற ஆளுக்கு மட்டும் தலை காட்டும்" என்றார். மறுநாளே எனக்கும் ஒரு ஒற்றைக்கல் மூக்குத்தி வாங்கி வந்தார். அதிலிருந்து வருசா வருசம் அவர் இறங்கி வந்ததும் "மீனு சௌக்கியமா?" என்று கேட்பேன். "உன்னைத்தான் கேட்டுச்சு" என்பார். இருபத்தாறு வருசமாக ஒரே மீன். நல்ல ஆயுசு.

புரட்டாசி 8, புதன்

வண்டியை மாட்டி முடித்தார். ஐந்து திருகு மிச்சம். "கம்பெனிக்காரன் சேத்திக் குடுத்திருப்பான்" என்றார்.

"லாரிக்காரங்ககிட்டயும் இதைத்தான் சொல்லுவீங்களா?" என்றேன்.

கழற்றி மறுபடியும் மாட்டினார். இப்போது ஏழு திருகு மிச்சம்.

புரட்டாசி 11, சனி

டயரில் ஓட்டை இருக்கிறது என்று காலையில் ஒரே சத்தம். புது டயர், நாலிலும் பொடி ஓட்டை. கம்பெனிக்காரனின் தாத்தா வரைக்கும் திட்டிவிட்டு, நாலையும் எடுத்துக்கொண்டு அத்தியப்பனின் டயர் கடைக்குப் போனார். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்து பஞ்சர் ஒட்டினார்களாம்.

ஒட்டி வந்து மாட்டினால் வண்டி பந்து மாதிரி குதிக்கிறது. மகளுக்கு ஃபோன் போட்டோம். அவள் சிரித்து முடிக்கவே இரண்டு நிமிசம் ஆனது. உள்ளே பஞ்சு இருக்கிறதாம். காற்று வெளியே போகத்தான் அந்த ஓட்டை. டயர் அமுங்கிப் பாறையைக் கவ்விக்கொள்ள வேண்டுமாம்.

மத்தியானம் முழுக்க ஒட்டினதைப் பிரித்தார். பஞ்சர் ஒட்டத் தெரிந்த எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஓட்டை போடுவதற்கு ஊசி கேட்டு என்னிடம் வந்து நின்ற ஆள் இவர் ஒருவர்தான்.

புரட்டாசி 15, புதன், ஆயுத பூஜை

இவருடைய பட்டறையில் லாரிகளுக்கு நடுவே குட்டி வண்டிக்கும் சந்தனம், குங்குமம், மாலை. லாரிகள் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பின. இதன் சக்கரத்துக்கும் ஒன்று வைத்தோம். இது நசுக்கவில்லை. பழத்தின் மேல் ஏறியது, அந்தப் பக்கம் இறங்கியது, நின்றது. பழம் புதுசு போல அப்படியே இருந்தது. ஊறுகாய்க்கு எடுத்துக்கொண்டேன்.

புரட்டாசி 22, புதன்

ஸ்பிரிங் மாற்றினார். பெட்டியில் வந்ததை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள இது, மூச்சு உட்டாலே அமுங்குது. லோடு எப்பிடித் தாங்கும்?" என்றார்.

"ஒரு அகல் விளக்குதானுங்க லோடு."

கேட்டால்தானே. முறுக்குக் கம்பியில் சொந்தமாகவே நாலு ஸ்பிரிங் சுற்றினார். பத்து டன் ஏற்றலாம். பிறகு கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல்லில் ஏற்றிப் பார்த்தார். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் எதிர்ப்பக்கச் சக்கரம் ஆகாயத்தில் நிற்கிறது. ஒன்பது தடவை குப்புற விழுந்தது. எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம் என்று என்னிடம் சொன்னார். எட்டாவது தடவைக்கு அப்புறம்தான் சொன்னார்.

ஐப்பசி 3, திங்கள், தீபாவளி

மகள் வந்தாள். போனாள். அதிரசம் கல்லாகிவிட்டது. வண்டி ஏறிப் பழகுவதற்கு நல்ல பாறை கிடைத்ததாக இவர் சொன்னார். மிச்சத்தை இவர் தட்டிலேயே அடுக்கி வைத்தேன்.

ஐப்பசி 9, ஞாயிறு

கோயிலில் பங்காளிகள் கூட்டம். நான் தூணோரம் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்கண்ணா, பொம்மை வண்டில சாமிக்கு வெளக்கா?" என்றான் அத்தியப்பன். "நாளைக்கு ட்ரோன் உடுவீங்க."

"செருப்பு இல்லாமப் போவோணும், வெளக்கு அணையாமப் போவோணும். முறை அவ்வளவுதான்" என்றார் பூசாரி.

"டயரு செருப்பில்லையா?"

"டயரு வண்டிக்குக் காலுடா" என்றார் இவர்.

டயர் காலா செருப்பா என்று பதினொரு மணியிலிருந்து பன்னிரண்டே கால் வரைக்கும் பேசினார்கள். கடைசியில் மஞ்சள் தண்ணீரில் கழுவினால் கால் என்று முடிவானது. விளக்கு நடுவில் அணைந்துவிட்டால் அதற்குப் பிறகு முறை அத்தியப்பன் வீட்டுக்கு. இவர் தலையை ஆட்டினார். ஆட்டும்போது துண்டின் நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"இன்னொண்ணு" என்றான் அத்தியப்பன். "ரிமோட்டு வெளக்கு வீட்டு ஆள் கையிலதான் இருக்கோணும். வெளியாள வெச்சு ஓட்டக் கூடாது."

எல்லாரும் சரி என்றார்கள். விளக்கு வீட்டு ஆள். இந்த மூன்று வார்த்தைக்கும் அடியில் கோடு போட்டு வைக்கிறேன், எதற்கும் இருக்கட்டும்.

ஐப்பசி 12, புதன்

இவர் மத்தியானம் தூங்கினார். பேட்டரி சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிறது.

ஐப்பசி 16, ஞாயிறு

லோடு லாரிக்குத் தார்ப்பாய் போடும்போது நாலு மூலையையும் விறைப்பாக இழுத்துக் கட்டினால் பாய் கிழியும், கொஞ்சம் தொய்வு விட வேண்டும் என்றேன். இருபது வருசமாக லாரித் தார்ப்பாய் தைக்கிறேன், இதுகூடத் தெரியாதா எனக்கு. வண்டியைப் பற்றி நான் ஒன்றுமே சொல்லவில்லை. பாயைப் பற்றித்தான் சொன்னேன்.

சாயங்காலம் பார்த்தால் பழைய மெத்து ஸ்பிரிங் நாலும் வண்டிக்கே திரும்பி வந்திருக்கின்றன. என் தையல் மிஷின் எண்ணெயையும் காணோம். ஸ்பிரிங்குக்குள் இருக்கும் குழாயில் ஊற்றிவிட்டாராம், பையப் பைய அமுங்கி எழட்டும் என்று. ஆட்டுக்கல்லில் ஏறி இறங்கியது. நாலு சக்கரமும் கல்லை விடவே இல்லை.

"பாத்தியா, என்ற யோசனை" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

ஐப்பசி 20, வியாழன்

காலையில் எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம். ஏழு மணிக்கு வந்தார். இரண்டு உள்ளங்கையிலும் சிராய்ப்பு. முழங்கால் பனங்காய் போல வீங்கியிருந்தது. பட்டறைப் படியில் தடுக்கிவிட்டதாம். பட்டறைக்குப் படி கிடையாது. வேட்டியில் பச்சைப் பாசி.

"படியக் கழுவி உடச் சொல்லுங்க, பாசி புடிச்சுக் கெடக்குது" என்றேன்.

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். இன்றைக்கு வேறு கிண்டல் எதுவும் பண்ணவில்லை. 

ஐப்பசி 21, வெள்ளி

பேட்டரி சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

ஐப்பசி 22, சனி

பார்த்தேன்.

ஐப்பசி 23, ஞாயிறு

நான் தைக்கிற தார்ப்பாய்க் கொட்டகைக்குப் பின்னால் ஜல்லிக் குவியல் இருக்கிறது. பேட்டரி பார்ப்பதற்கு அந்த இடம்தான் வசதி. ரிமோட்டின் விசையை அமுக்கக் கூடாது. விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு, அமுக்கலாம் என்று நினைத்தால் போதும், வண்டி நகர்கிறது. மிஷினில் நாலு மடிப்புச் சேருகிற இடத்தில் ஊசி இறங்கும்போது பெடலில் கால் எப்படி இருக்குமோ அப்படி. மோட்டார் முனகினால் அழுத்தவும் கூடாது, விடவும் கூடாது. காத்திருக்க வேண்டும்.

பேட்டரி நன்றாக இருக்கிறது.

ஐப்பசி 27, வியாழன்

வண்டிக்கு மேல்பாகம் செய்தார். தகரத்தில் லாரி முகம், இரண்டு பக்கமும் மயில், நெற்றியில் குலசாமி பெயர். அழகுதான். தலை கனத்துச் சாய்ந்தது, அவர் குடும்பத்து ஆட்கள் எல்லாரையும் போல. கனம் கீழே, முன்சக்கரத்தில் இருக்க வேண்டும் என்று மகள் ஃபோனில் சொன்னாள்.

அத்தியப்பன் கடையில் சக்கரம் பேலன்ஸ் பண்ண ஒட்டும் ஈயத் துண்டு இருக்குமே, அதைக் கேட்டுப் போனேன். அண்ணன் பெண்டாட்டி என்பதால் அவன் என்னை நங்கை என்பான்.

"நங்கை, எதிராளிகிட்டயே வந்து வெயிட்டு கேக்கறீங்களே" என்றான்.

"நீங்க குடுத்த வெயிட்டுன்னாத்தான் கொழுந்தனாரே, விழுந்தா உங்க மேல பழி போட முடியும்."

சிரித்துக்கொண்டே ஒரு கை அள்ளிக் கொடுத்தான். முன்சக்கரம் இரண்டுக்குள்ளும் ஒட்டினோம். தகரத்தைக் கழற்றிவிட்டு நான் மிஞ்சின நீலத் தார்ப்பாயில் ஒரு மேல்சட்டை தைத்துப் போட்டேன். மயில் போனதில் இவருக்கு வருத்தம். மயிலைச் சாமிபடத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம்.

கார்த்திகை 1, திங்கள்

விளக்குக்கு ஊஞ்சல் செய்தார். வளையத்துக்குள் வளையம், நடுவில் அகல். வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அகல் சாயவில்லை. காற்றுக்கு, அடி வெட்டிய கண்ணாடிச் சீசா. இதை மட்டும் கிண்டல் பண்ண முடியவில்லை. பத்து நிமிசம் முயற்சி செய்தேன்.

கார்த்திகை 4, வியாழன்

வண்டியின் அச்சில் நீல நூல் சுற்றியிருந்தது. இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக உருவி எடுத்தார். முழ நீளம் இருந்தது. தார்ப்பாய் தைக்கிற நூல்.

"இது எப்பிடி இங்க வந்துச்சு?"

"காத்துல வந்திருக்குமுங்க."

என்னைப் பார்த்தார். நூலை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கார்த்திகை 7, ஞாயிறு

வழுக்குப் பாறையிலேயே ஒத்திகை. பூசாரி, அத்தியப்பன், நாங்கள். இவர்தான் ஓட்டினார். பாதி வரைக்கும் ஏறியது. அங்கே ஒரு விளிம்பு. இவர் விசையை இழுத்தார். சம்மட்டி பிடித்த விரல், எதையும் பாதியாக அமுக்கத் தெரியாது. வண்டி முன்காலைத் தூக்கி மல்லாந்து, உருண்டு கீழே வந்தது. ஒரு கம்பி வளைந்துவிட்டது. விளக்கு மூன்றாவது உருளலிலேயே போய்விட்டது.

அத்தியப்பன் எதுவும் சொல்லாமல் கீழே ஓடி, வண்டியை எடுத்துத் துடைத்துக் கொடுத்தான். அவன் ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கல் ஈரமாக இருந்தது என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். கல் ஈரமாக இல்லை.

கார்த்திகை 8, திங்கள்

கம்பியை நிமிர்த்தினார். சாப்பிடவில்லை. நாலு தலைமுறையாக வீட்டில் இருந்தது, என் கையில் போகிறது என்று சோற்றுத் தட்டைப் பார்த்துச் சொன்னார். "ரசம் ஆறுதுங்க" என்றேன்.

பிறகு பேட்டரி பார்த்தேன். வெகுநேரம் பார்த்தேன்.

கார்த்திகை 16, செவ்வாய்

மழை. இப்போது கல் நிஜமாகவே ஈரம்.

கார்த்திகை 17, புதன், தீபம்

மத்தியானத்தோடு மழை விட்டது. ஆறு மணிக்கு அடிப்பாறையில் ஊரே நின்றது. பூசாரி மஞ்சள் தண்ணீரில் டயரைக் கழுவி, அகலை ஏற்றிச் சீசாவுக்குள் வைத்தார். இவர் வண்டியைப் பாறையில் விட்டார். ரிமோட்டை எடுத்தார். விசையில் விரலை வைத்தார், எடுத்தார். 

அப்போது சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார். அந்த நீல நூல். அதை என் கையில் வைத்தார். அதன் மேல் ரிமோட்டை வைத்தார்.

"ஒரு மாசமாப் பேட்டரி பாத்துக்கிட்டே இருந்தியே. இப்பப் பாரு" என்றார்.

"அண்ணா, பொம்பளைங்க" என்று அத்தியப்பன் ஆரம்பித்தான்.

"என்ற காலு அடிப்பாறையிலதானுங்க இருக்குது" என்றேன். "வெளக்கு வீட்டு ஆள் ஓட்டோணும்னது நீங்கதான். நான் எந்த வீட்டு ஆளு, சொல்லுங்க கொழுந்தனாரே."

பூசாரி என் காலைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். "சரிதான" என்றார்.

விரலை வைத்தேன். நினைத்தேன். வண்டி நகர்ந்தது.

போன முறை விழுந்த விளிம்பில் முன்சக்கரம் இரண்டும் வழுக்கின. நிறுத்தினேன். கொஞ்சம் பின்னால் எடுத்து, வலப்பக்கம் ஒரு சாண் தள்ளி, மறுபடி. டயர் அமுங்குவது கீழேயிருந்தே தெரிந்தது. ஒரு சக்கரம் பிடித்தது. அப்புறம் அடுத்தது.  என் முதுகுக்குப் பின்னால் இவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

உச்சிக்குக் கீழே ஒரு மடிப்பு இருக்கிறது. அதில் இறங்கினால் கீழேயிருந்து வண்டி தெரியாது. மறுபடி உச்சியில் விளக்கு வைக்கிற விளக்குக் கல்லின் மேல் ஏறினால்தான் தெரியும். வெளிச்சம் மறைந்தது.

"அணைஞ்சிருச்சு" என்று யாரோ சொன்னார்கள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பார்க்க எதுவுமில்லை, மோட்டார் சத்தம் மட்டும் பொடிசாகக் கேட்டது. முனகியது. நாலு மடிப்பு. அழுத்தவில்லை. விடவும் இல்லை. இன்னும் முனகியது. காத்திருந்தேன். பிறகு சத்தம் லேசாயிற்று. துணியைத் தாண்டி ஊசி அந்தப் பக்கம் போனதும் வருமே, அந்தச் சத்தம். விரலை எடுத்தேன்.

கண்ணைத் திறக்கும் முன்பே குலவை கேட்டது. விளக்குக் கல்லின் மேல் வெளிச்சம் நின்றுகொண்டிருந்தது.

"ஏறுனது என்ற ஈயம்" என்றான் அத்தியப்பன். கன்னத்தில் போட்டுக்கொண்டே சொன்னான்.

இவர் கண்ணில் புகை பட்டுவிட்டது என்று துண்டால் துடைத்துக்கொண்டார். புகை எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

கார்த்திகை 18, வியாழன்

வண்டியை யார் எடுத்து வருவது என்று காலையில் பேச்சு வந்தது. கடைப் பையனை அனுப்புகிறேன் என்று அத்தியப்பன் ஃபோனில் சொன்னான். வேண்டாம் என்றேன். பெண்கள் கால் வைக்கக் கூடாது என்பது தீபத்தன்றைக்கு. மறுநாளைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை போல.

இவர் அடிப்பாறை வரைக்கும் வந்தார். செருப்பை அவரிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு ஏறினேன். நாலு காலில் ஏறினேன் என்றுதான் எழுத வேண்டும். அந்த விளிம்பில் வண்டி பட்ட பாடு எனக்கும்.

வண்டி விளக்குக் கல்லின் மேல் நல்ல பிள்ளை மாதிரி நின்றது. எண்ணெய் தீர்ந்து திரி கருகியிருந்தது. இங்கிருந்து பார்த்தால் எங்கள் தார்ப்பாய்க் கொட்டகையின் கூரை தெரிகிறது. கல்லுக்குப் பின்னால் ஒரு குழி. ஆட்டுக்கல் குழியளவு. அதில் மழைத் தண்ணீர், ஓர் அரசிலை, ஒரு எறும்பு. அதுதான் சுனை. கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இறங்கி வந்தேன். கையில் என் செருப்போடு அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்தார்.

நானே ஆரம்பித்தேன். "மீனு சௌக்கியமுங்க. உங்களைத்தான் கேட்டுச்சு."

தலை நிமிர்ந்தது.

"மூக்குத்தியத்தான் காணோம்" என்றேன். "எவன் பேச்சுல மயங்கிக் கழட்டிக் குடுத்துச்சோ."

செருப்பை என் காலுக்கு முன்னால் போட்டார். குனிய முடியாததால் போட்டார், இல்லாவிட்டால் வைத்திருப்பார்.

"அது எப்பிடி அங்க இருக்கும்?" என்றார். "கண்ணாலம் ஆன வருசமே வாங்கியாந்து உன்ற மூக்குல மாட்டிட்டனே."

மகளுக்காக எழுதுவது: ஸ்பிரிங் மெத்து. எண்ணெய் மிஷின் எண்ணெய். கனம் கீழே, முன்னால். பேட்டரி சுத்தமாகத் தீர்ந்துவிட்டது. சார்ஜ் போட்டிருக்கிறோம். அடுத்த வருசத்துக்குள் நிரம்பிவிடும்.